ஐம்பது ரூபா டிக்கட்டால் யாருடைய மானமும் போகாது

பதுளையில் நடக்கும் உதைபந்தாட்டங்களுக்கு இளைஞர்களிடமும் பிள்ளையோடு வரும் பெற்றோரிடமும் ஐம்பது ரூபா, பாடசாலைப் பிள்ளைகளிடம் இருபது ரூபா வாங்கினால் போதும், மற்றவர்கள் வழக்கம்போல முந்நூறு கொடுக்கட்டும் என்றொரு யோசனை வந்தது. வந்த சூட்டோடு அதை எதிர்த்து ஒருவர் நான்கு பக்கம் எழுதிச் சுற்றுக்கு விட்டுவிட்டார். கழக நிர்வாகத்தில் நீண்ட காலம் இருந்தவர். பெயர் வேண்டாம். அவர் எழுதியதையே வாயால் சொல்லிக்கொண்டு திரிபவர்கள் வேறு பலரும் இருக்கிறார்கள். இந்தப் பதில் எல்லாருக்கும் சேர்த்துத்தான்.

அவர் சொல்வது இது: டிக்கட்டை மலிவாக்கினால் ஆட்டத்தின் மதிப்பு போய்விடும், கழகத்தின் வருமானம் படுத்துவிடும், "தோட்டத்துக் கூட்டம்" புகுந்து மைதானத்தைக் கெடுத்துவிடும், இவ்வளவு செய்தாலும் இந்தக் காலத்துப் பிள்ளைகள் கைபேசியை விட்டு எழுந்து வரமாட்டார்கள். கடைசி இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். வந்து கெடுப்பார்கள் என்கிறார். வரவே மாட்டார்கள் என்றும் சொல்கிறார். தான் பயப்படுவது எதற்கு என்று அவரே முடிவுசெய்யவில்லை. எது கையில் கிடைத்தாலும் அதை எடுத்து அந்தப் பிள்ளைகள் மீது எறிய வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு.

பசறைப் பக்கத்தில் தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக்கொடுக்கிறவன் நான். அந்தப் பிள்ளைகளைப் பற்றி அவர் எழுதியதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியாது.

முந்நூறு ரூபா யாருக்கு எவ்வளவு என்ற கணக்கு அந்த நான்கு பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. ஆகவே நானே போடுகிறேன். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021இல் ஆயிரம் ரூபாவானது. அந்த ஆயிரத்துக்கு எத்தனை வருடம் ரோட்டில் நின்றோம் என்பது இந்த மலையில் எல்லாருக்கும் தெரியும். 2024 செப்டெம்பரில் 1,350. 2026க்கான வரவுசெலவுத் திட்டம் அதை 1,550 ஆக்கி, வேலைக்கு வரும் நாளுக்கு அரசாங்கம் தரும் 200ஐயும் சேர்த்து 1,750 என்று அறிவித்தது. இருப்பதில் பெரிய தொகை அதுதான், அதையே எடுத்துக்கொள்வோம். ஊழியர் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு எட்டு வீதம் பிடிப்பார்கள். சொன்ன கிலோ நிறையாவிட்டால் அரைப்பேர், பாதிச் சம்பளம்தான். இனி, பசறைக்கு மேலே ஒரு டிவிசனிலிருந்து ஒரு அப்பாவும் மூன்று பிள்ளைகளும் பதுளைக்கு வந்து ஆட்டம் பார்க்க வேண்டுமென்று வையுங்கள். டிக்கட்டுக்கு மட்டும் 1,200 ரூபா. நான்கு பேருக்குப் போகவர பஸ் காசு, ரோட்டில் இறங்கி லயத்துக்கு ஏற ஆட்டோ, நடுவில் ஆளுக்கொரு ரோல்ஸும் ஒரு பிளேன்டீயும். ஞாயிற்றுக்கிழமை என்றால் அன்றைய கைக்காசு வேலையும் போச்சு. மழையிலும் அட்டைக்கடியிலும் ஒரு தாய் நாள் முழுக்கக் கொழுந்தெடுத்துக் கொண்டுவந்த சம்பளம் தொண்ணூறு நிமிட ஆட்டத்தில் தீர்ந்துவிடுகிறது. இந்த யோசனை நடைமுறைக்கு வந்தால் அதே நான்கு பேருக்கு டிக்கட் 110 ரூபா. பஸ் காசை எப்படியாவது பார்த்துக்கொள்வார்கள்.

"விருப்பமிருந்தால் முந்நூறு பெரிய காசில்லை" என்று அவர் எழுதியிருக்கிறார். மாதச் சம்பளம் வங்கிக்கு வருகிறவருக்குப் பெரிய காசில்லை. தன் சட்டைப்பையை அளவாக வைத்து அடுத்தவன் விருப்பத்தை அளக்கும் உரிமையை அவருக்கு யார் கொடுத்தது?

மதிப்பு விடயத்துக்கு வருகிறேன். மலிவாகக் கொடுத்தால் மதிக்கமாட்டார்கள் என்பதை அவர் நிரூபிக்கவே தேவையில்லாத உண்மை போலச் சொல்லிவிட்டுப் போகிறார். நம் நாட்டிலேயே நேற்று நடந்ததைப் பார்ப்போம். 2024 ஜூலையில் மகளிர் ஆசியக் கிண்ணம் தம்புள்ளையில் நடந்தது. அனுமதி இலவசம். 28ஆம் திகதி இறுதியாட்டத்தில் சமரி அத்தபத்துவின் அணி இந்தியாவை எட்டு விக்கெட்டால் வென்றது. சமரி 61, ஹர்ஷிதா சமரவிக்ரம ஆட்டமிழக்காமல் 69. பெண்கள் கிரிக்கெட்டுக்குப் பெரும் கூட்டம் சேர்ந்தது. காசு வாங்காமல் உள்ளே விட்டதால் அந்தக் கிண்ணத்தின் பொன் மங்கிவிட்டதா? அன்று அங்கே தகப்பன் தோளில் உட்கார்ந்து பார்த்த சின்னப் பெண், தான் டிக்கட் வாங்கவில்லை என்பதற்காகச் சமரியை மதிக்காமல் விட்டாளா?

வெளிநாட்டுத் தரம் பற்றி அவர் நிறையப் பேசுகிறார். ஆகவே அங்கேயும் போவோம். ஜெர்மனியில் ஃபோர்ச்சுனா டுசல்டோர்ஃப் என்றொரு பழைய கழகம். 2023இல் சில சொந்த மண் ஆட்டங்களுக்கு யாரிடமும் காசு வாங்குவதில்லை, செலவை அனுசரணையாளர்கள் ஏற்பார்கள் என்று தீர்மானித்தது. அந்த ஒக்டோபர் 21ஆம் திகதி முதல் இலவச ஆட்டம், கைசர்ஸ்லௌட்டர்னுக்கு எதிராக. மைதானத்தில் ஐம்பதாயிரத்துக்கு மேல் ஆட்கள். டுசல்டோர்ஃப் மூன்று கோல் பின்தங்கி நின்று, கடைசியில் 4-3 என்று வென்றது. காசு கொடுக்காதவர்கள் மூன்று கோல் விழுந்ததும் எழுந்து வீட்டுக்குப் போய்விடவில்லை. அதே ஆண்டு பாரிஸ் எஃப்.சி.யும் தன் மைதானத்தின் கதவை இலவசமாகத் திறந்துவிட்டது. இங்கிலாந்தில் பிராட்ஃபோர்ட் சிட்டி, மூன்றாம் தரப் பிரிவில் ஆடிய காலத்தில், ஒரு பருவம் முழுவதற்குமான டிக்கட்டை 149 பவுணுக்கு விற்றது. ஏறத்தாழ 18,000 பேர் வாங்கினார்கள். மூட வேண்டிய ஆலைகளையெல்லாம் மூடிவிட்ட, வேலையில்லாத, ஆசியக் குடும்பங்கள் நிறைந்த நகரம் அது. அந்த ஊரை யாரும் இரண்டாந்தரமென்று ஒதுக்கிவிடவில்லை.

மறுபக்கமும் உண்டு. 2016 பெப்ரவரியில் லிவர்பூல் தன் புதிய அரங்கின் விலை கூடிய இருக்கையை 77 பவுண் என்று வைத்தது. சண்டர்லாந்துக்கு எதிரான ஆட்டத்தின் 77ஆவது நிமிடத்தில் ஆயிரக்கணக்கானோர் எழுந்து வெளியே நடந்தார்கள். அப்போது லிவர்பூல் 2-0 என்று முன்னிலை. ஆட்டம் 2-2இல் முடிந்தது. சில நாட்களில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு விலையைக் கைவிட்டார்கள். விலையை ஏற்றினால் மதிப்பு ஏறும் என்று நம்பியவர்களுக்கு அந்த நகரம் சொன்ன பதில் அது. பயேர்ன் மியூனிக்கை வளர்த்தெடுத்த உலி ஹோனஸ், ரசிகர்களைக் கறந்தெடுக்கும் பசுக்களாகத் தாங்கள் பார்ப்பதில்லை என்று வெளிப்படையாகவே சொன்னவர். உலகின் பணக்காரக் கழகங்களில் ஒன்றை நடத்தியவருக்கு இருந்த அறிவு, காலி வாங்குகளுக்கு முன்னால் ஆடும் நம்மவர்களுக்கு ஏன் இல்லாமல் போனது?

வருமானத்தைப் பற்றி அவர் எழுதிய ஒன்றரைப் பக்கத்துக்கு ஒரே பதில் போதும். இன்று முந்நூறு கொடுத்து வருகிறவர் நாளையும் அதே முந்நூறைத்தான் கொடுக்கப்போகிறார். விலை குறைவது இன்று வராதவர்களுக்கு. வராதவரிடமிருந்து கழகத்துக்கு இன்று கிடைப்பது ஒன்றுமில்லை. முந்நூறு பிள்ளைகள் இருபது ரூபாவோடு வந்தால் அது இல்லாத இடத்தில் வந்த 6,000 ரூபா. அதைவிடப் பெரியது, ஆள் நிறைந்த மைதானத்தைக் காட்டித்தான் பஸார் வீதிக் கடைக்காரரிடம் அனுசரணை கேட்க முடியும். எழுபது பேர் பார்க்கும் பதாகைக்கு எந்த முதலாளி காசு தருவார்? இந்தக் கணக்கு அவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது, நிர்வாகத்தில் இருந்தவர். தெரிந்துகொண்டே, எல்லாருக்கும் விலை குறையப்போவது போல எழுதி வாசகரைத் திசைதிருப்பியிருக்கிறார். இது நேர்மையான வாதமில்லை.

அடுத்து அந்தச் சொல். தோட்டத்துக் கூட்டம்.

முழுக் கட்டுரைக்கும் முதுகெலும்பு இதுதான். மதிப்பும் வருமானமும் மேலே போர்த்திய துணி. விலை என்பது ஒரு வடிகட்டி, அதை எடுத்துவிட்டால் சாராயமும் சண்டையும் உள்ளே வரும் என்று கூச்சமில்லாமல் எழுதுகிறார். எந்த ஆட்டத்தில், எந்த ஆண்டில், எந்தத் தோட்டத்துப் பிள்ளை மைதானத்தில் என்ன செய்தது என்று ஒரு சம்பவம் சொல்லவில்லை. ஒன்றாவது சொல்லியிருக்க வேண்டாமா? குடித்துவிட்டு வந்து நடுவரைத் தூஷணத்தால் திட்டுகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். அவர்கள் முந்நூறு ரூபா டிக்கட் வாங்கி வந்தவர்கள். போத்தலுக்குக் காசிருக்கிறவனுக்கு டிக்கட்டுக்கும் காசிருக்கும். உயர்ந்த விலை அவனைத் தடுப்பதில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளையைத்தான் தடுக்கிறது.

இங்கிலாந்தில் 1989 ஏப்ரல் 15ஆம் திகதி ஹில்ஸ்பரோவில் நெரிசலில் சிக்கி 97 பேர் இறந்தார்கள். அப்போதும் பழி முதலில் ரசிகர்கள் மீதே போடப்பட்டது. குடிகாரர்கள், ரவுடிகள் என்றார்கள். பொய் என்று நிலைநாட்ட அந்தக் குடும்பங்களுக்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன. 1990இல் அறிக்கை கொடுத்த நீதிபதி டெய்லர், மைதானங்களில் எல்லாருக்கும் இருக்கை வேண்டுமென்றார். அதோடு, இருக்கை போட்டதைச் சாட்டி ஏழை ரசிகரை விலையால் வெளியே தள்ளத் தேவையில்லை என்பதற்கு கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸில் ஆறு பவுணுக்கு இருக்கை கிடைப்பதை எடுத்துக்காட்டினார். ஒழுங்கு வேறு, விலை வேறு என்பது அந்த நீதிபதிக்குத் தெளிவாகத் தெரிந்தது.

நம் நாட்டு உதைபந்தாட்டத்துக்கு அண்மையில் நேர்ந்த பெரிய தலைகுனிவையும் நினைவூட்டுகிறேன். 2023 ஜனவரி 21ஆம் திகதி ஃபிஃபா இலங்கையை இடைநிறுத்தியது. தடை நீங்க ஓகஸ்ட் இறுதியாயிற்று. மடுல்சீமைப் பிள்ளைகள் செய்த வேலையா அது? லுணுகலையில் யாராவது கல்லெறிந்தார்களா? சம்மேளனத் தேர்தல் இழுபறியும் வெளித் தலையீடும் கொண்டுவந்த கேடு. கோட்டும் டையும் கட்டியவர்கள் கூட்ட அறைக்குள்ளே செய்தது. நாட்டையே விளையாட விடாமல் ஆக்கியவர்களை நோக்கி ஒரு சொல் எழுதாத பேனா, கேட்டுக்கு வெளியே நிற்கும் பிள்ளைகளை நோக்கி இத்தனை நஞ்சைக் கக்குகிறது.

இந்த மண்ணில் விளையாட்டுக்கு வடிகட்டி புதிதில்லை. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் ஊவாவுக்கென்று ஒரு ரக்பி அணி இருந்தது. திம்புள்ளை, டிக்கோயா தோட்டத்துரைமாரோடு கிளிஃபர்ட் கிண்ணத்துக்கு ஆடினார்கள். அந்தக் கழகங்களுக்குள் தொழிலாளிக்கு இடமில்லை. அதன் பிறகு 1948இன் சட்டம் குடியுரிமையையே பறித்தது. கடைசி ஆட்கள்வரை அது திரும்பிச் சேரும் சட்டம் 2003இல்தான் வந்தது. இந்த வரலாற்றுக்குப் பிறகு, மைதானத்துக் கேட்டில் நின்றுகொண்டு இவர்கள் உள்ளே வரக்கூடாது என்று சொல்ல ஒருவருக்கு நாக்கு எழும்புகிறது. சிங்களக் கிராமத்துப் பிள்ளைகளும் இந்த விலையில்தான் அடிபடுகிறார்கள். மீகஹகிவுலவிலிருந்தும் கந்தகெட்டியவிலிருந்தும் பஸ் ஏறி வரவேண்டிய பிள்ளைக்கும் முந்நூறு முந்நூறுதான். அவர்களைப் பற்றி அவர் யோசித்ததாகவே தெரியவில்லை.

கைபேசிப் பேச்சு எனக்குச் சலித்துப்போன பேச்சு. மெஸ்ஸியைப் பார்க்கிற பிள்ளை நம்ம ஆட்டத்தைப் பார்க்குமா என்கிறார். ஒரு பின்னேரம் எங்கள் கிரவுண்டுக்கு வரட்டும். ஒரு பக்கம் மலைச்சரிவு, மறுபக்கம் தேயிலை. மூங்கில் நட்டு கோல் கம்பம். பந்தைக் கொஞ்சம் ஓங்கி அடித்தால் கான் தாண்டித் தேயிலைக்குள் போய்விடும். எடுத்து வருகிறவன் காலில் நாலு அட்டையாவது ஒட்டியிருக்கும். அதனாலேயே இந்தப் பிள்ளைகள் பந்தைத் தரையோடு தரையாக ஆடப் பழகியிருக்கிறார்கள். கரையில் ஒரு சோடி பூட்ஸ் இருக்கும். முதல் பாதியில் ஒருவன் போடுவான், இரண்டாம் பாதியில் இன்னொருவன். வலதுகாலால் அடிக்கிறவன் வலது பூட்ஸை மட்டும் வாங்கி மாட்டிக்கொண்டு வெறும் இடதுகாலோடு ஓடுவதும் உண்டு. மெஸ்ஸி பெயரை முதுகில் சோக்கட்டியால் எழுதிக்கொண்டவன், பக்கத்து டிவிசன் அண்ணன் ஒருவன் மாவட்ட அணியில் ஆடுகிறான் என்று கேள்விப்பட்டால் மெஸ்ஸியை மறந்துவிட்டு அந்த அண்ணனைப் பற்றியே மூன்று நாள் பேசுவான். ஏனென்றால் அந்த அண்ணன் இவனை மாதிரியே இந்தக் கானைத் தாண்டிப் பந்தெடுத்தவன். அந்த அண்ணன் வின்சன்ட் டயஸ் மைதானத்தில் ஆடுவதை இவன் தன் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்குத்தான் இருபது ரூபா.

காலமும் அதிகமில்லை. சாதாரண தரம் எழுதியதும் எழுதாததுமாகப் பதினேழு, பதினெட்டு வயதில் இவர்களில் பாதிப் பேர் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விடுவார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் லயத்துக்கு வருவார்கள். அதற்கு முன் கழகம் அவர்களுடையதாகிவிட்டால் புறக்கோட்டைக் கடையில் நின்றுகொண்டும் பதுளை என்ன கோல் என்று கேட்பார்கள். சம்பளம் எடுத்த பிறகு முந்நூறு ரூபா டிக்கட்டும் வாங்குவார்கள். அந்த வயதில் கேட்டை மூடிவிட்டு, முப்பது வயதானபின் வந்து ஆதரவு தா என்றால் யார் வருவார்கள்? 2021இல் சூப்பர் லீக் தொடங்கியபோது பத்துக் கழகங்களில் மலையகத்திலிருந்து நாவலப்பிட்டியின் அப் கண்ட்ரி லயன்ஸ் ஒன்றுதான் இருந்தது. ஊவாவிலிருந்து ஒரு கழகமும் இல்லை. அவர் காத்து நிற்கும் மதிப்பு இத்தனை ஆண்டில் ஊவா உதைபந்தாட்டத்துக்குத் தேடித் தந்த இடம் அதுதான்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அடித்தபோது பதுளை மாவட்டத்து மலைகள் சரிந்ததை நாம் எல்லாரும் பார்த்தோம். வீடு போனவர்கள் பாடசாலைகளில் படுத்தார்கள். இரவில் மழைச்சத்தம் கேட்டால் இன்றைக்கும் எழுந்து உட்காரும் பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். ஒரு பின்னேரமாவது அவர்கள் பயத்தை மறந்து தொண்டை கிழியக் கத்த ஒரு இடம் வேண்டும். மைதானம் இருக்கிறது, ஆட்டம் இருக்கிறது, வாங்குகள் காலியாக இருக்கின்றன. அந்தக் காலி வாங்கில் ஒரு பிள்ளையை உட்கார வைப்பதால் கழகம் இழப்பது என்ன என்று அவர் எனக்குச் சொல்லட்டும்.

விலையைக் குறைத்தால் மட்டும் கூட்டம் வந்துவிடாது என்பது உண்மைதான். ஆனால் அவர் அதைச் சொல்வது ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு. நான் சொல்வது இன்னும் செய்வதற்கு. நாலரை மணிக்கு ஆட்டம் தொடங்கினால் மடுல்சீமைப் பிள்ளை எந்தப் பஸ்ஸில் வீடு போகும்? இரண்டு மணிக்குத் தொடங்குங்கள். டிக்கட்டைக் கேட்டில் மட்டும் விற்காமல் தோட்டப் பாடசாலை அதிபரிடமும் கோயில் தலைவரிடமும் முன்கூட்டியே கொடுத்து வையுங்கள். ஒலிபெருக்கியில் இரண்டு மொழியிலும் அறிவியுங்கள்; யார் கோல் அடித்தான் என்பதைப் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் ஒரு பிள்ளையை வைத்திருப்பது அவமானம். பெண் பிள்ளைகள் போகக்கூடிய சுத்தமான கழிவறை ஒன்று வேண்டும். என்னிடம் ஆடும் பெண் பிள்ளைகள் ஆட்டம் பார்க்க வரத் தயங்குவதற்கு முதல் காரணம் அதுதான். இவற்றில் ஒன்றுக்குக்கூட பெரிய காசு தேவையில்லை.

இந்த விலை பற்றிய முடிவை எடுக்க அடுத்த கூட்டம் கூடும்போது அவர் கட்டாயம் வரட்டும். தோட்டத்துக் கூட்டம் என்று எழுதியதை எழுந்து நின்று எல்லார் முன்னாலும் வாசிக்கட்டும். என்னோடு ஆறு பிள்ளைகள் வருவார்கள், ஆட்டத்துக்குப் போகிற மாதிரி தலைவாரி, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு. தங்களில் யார் எப்போது எந்த மைதானத்தைக் கெடுத்தோம் என்று அவர்கள் கேட்பார்கள். பதில் இருந்தால் சொல்லட்டும். இல்லையென்றால் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, அந்தப் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்கட்டும்.